மகள் உள்ளே போட்ட பொய்

விசைத்தறிக் கூடத்தில் யாரும் தொண்டையைக் கிழித்துப் பேசுவதில்லை. தறி ஓடும்போது கத்தினாலும் கேட்காது. உதட்டை அசைத்தால் எதிரில் நிற்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். அருப்புக்கோட்டையில் இருபத்தாறு வருடம் நான் அப்படித்தான் பேசினேன். அதிகம் பேசாத எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அதனால் காது போனது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. முதலில் சைக்கிள் மணி கேட்காமல் போயிற்று. அப்புறம் குக்கர் விசில். பிறகு பெண்களின் குரல். ஆண்களின் தடித்த குரல் இன்றும் ஓரளவு கேட்கிறது.

என் மகளுக்கு மெல்லிய குரல்.

அவள் வெளிநாட்டில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறாள். போன லீவில் வந்தபோது எனக்கு எதிரே உட்கார்ந்து, தட்டில் சோறு காயக் காய அந்த வேலையைப் பற்றிச் சொன்னாள்.

“பங்குனிப் பொங்கலுக்கு ராட்டினம் போடுவாகள்லப்பா. அது அம்புட்டு வேகமாச் சுத்தியும் ஆளு ஏன் தெறிச்சு விழல? கம்பி புடிச்சிருக்கு. நட்சத்திரக் கூட்டமும் அப்படித்தான் சுத்துது. புடிச்சிருக்கிற கம்பிதான் கண்ணுக்குத் தெரியல. அதத்தான் தேடுறோம்.”

தேடும் கருவி, மைல் கணக்கில் நீளும் இரண்டு குழாய்கள். அவற்றின் கோடியில் கண்ணாடிகள். வானத்தில் எங்கோ பெரும் பாரமுள்ள இரண்டு நட்சத்திரங்கள் மோதினால் இங்கே அந்தக் கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள தூரம் அணுவைவிடச் சின்ன அளவுக்கு மாறுமாம். அதைப் பிடிக்கத்தான் கட்டினார்கள். அவளும் உடன் இருப்பவர்களும் அதே கருவியில் வேறொன்றைத் தேடுகிறார்கள். நட்சத்திரக் கூட்டத்தைப் பிடித்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொருள் அலை போல எங்கும் பரவிக் கிடந்தால், கண்ணாடிகளை ஒரே சீராக ஆட்டிக்கொண்டே இருக்கும். நிற்காத ஒரு ரீங்காரம். மாதக்கணக்கில் சேர்ந்த இரைச்சலில் கரண்டு இரைச்சல், பம்பு இரைச்சல் எல்லாவற்றையும் கழித்துவிட்டு அதைத் தேட வேண்டும். இதுவரை யாருக்கும் அகப்படவில்லை.

பக்கத்துத் தறிக்காரர் ஒரு நாள் உதட்டால் கேட்டார்: “ஏலே, ஒம் மக என்னத்தத் தேடுறா?”

“கண்ணுக்குத் தெரியாதத.”

“அதுக்கு அங்க எதுக்குப் போகணும்? நம்ம மொதலாளிகிட்ட எரக்கம் இருக்கான்னு தேடச் சொல்லு. அதுவும் தெரிய மாட்டேங்குது.”

அவளுடைய வேலை பங்குனியோடு முடிகிறது, வந்துவிடுவேன் என்று அந்த லீவில்தான் சொல்லிவிட்டுப் போனாள். அவள் அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அருப்புக்கோட்டையை அடுத்த எங்கள் ஊரில், வீட்டில் நான் ஒருவன்தான். அவள் வருவாள் என்று உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். ஜன்னலுக்கு வலை வைத்தேன். வாங்கிய கட்டிலில் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் அவள் போன் செய்வாள். எங்கள் ஊரில் டவர் சரியில்லை. வீடியோ வந்தால் முகம் அப்படியே நின்றுவிடும் என்பதால் வெறும் குரல்தான். அவள் கேட்பது எந்த வரிசையில் வரும் என்று எனக்கு மனப்பாடம். சாப்டீகளா, மழை உண்டா, மாத்திரை போட்டீகளா. சாப்டேன், இல்லத்தா, போட்டேன். அதன்பிறகு அவள் நீளமாகப் பேசுவாள். காதில் கொசு பறப்பது போல ஏதோ ஒன்று வந்து வந்து போகும். நடுநடுவே “ம்ம்”, “சரி”, “நல்லது” என்று சொல்லிக்கொண்டிருப்பேன். காது போனது தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று பயம். செவிடன் என்று ஊரில் பெயர் வாங்கும் கூச்சமும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

மாசி மாதம் ஒரு ஞாயிறு, போன் வரவில்லை. அதற்குப் பதிலாக எழுத்தில் செய்தி வந்தது. கண்மாய்க் கரைக்குப் போங்க, அங்க டவர் கிடைக்கும், வீடியோவில் வாரேன்.

கரை மேல் வேலிக்கருவேல மரத்தடியில் போய் நின்றேன். திரையில் அவள் முகம் தெளிவாக வந்தது. அழுத கண். தறிக்கூடத்துக்கு எனக்குச் சோறு கொண்டு வந்து வளர்ந்தவள் அல்லவா, குரலை விட்டுவிட்டு உதட்டை மட்டும் நிதானமாக அசைத்தாள்.

“எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டுப்பா. மேல இருக்கவுக எங்களுக்குத் தெரியாம அந்த இரைச்சலுக்குள்ள ஒரு பொய்யப் போட்டு வெப்பாக. நாங்க கண்டுபிடிக்கிறமான்னு பாக்குறதுக்கு. கண்டுபிடிக்கலேன்னா, நாங்க தேடுற லட்சணம் சரியில்லன்னு அர்த்தம்.”

தலையாட்டினேன்.

“போன வாரம் ஒங்களுக்கு ஒண்ணு போட்டேன். நம்ம வீட்டு ஓட்டு மேல யானை நிக்கிதாமேன்னேன். ஆமாத்தா, நல்லதுன்னீக.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

“அப்புறம் நான் பேசவே இல்லப்பா. போனப் புடிச்சுக்கிட்டுச் சும்மா ஒக்காந்திருந்தேன். நீங்க ம்ம், சரி, ம்ம், சரின்னு சொல்லிக்கிட்டே இருந்தீக.”

கரையில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

“எம்புட்டு நாளாப்பா?”

“ரெண்டு மூணு வருசமா.”

“அப்ப தை மாசம் நான் கேட்டது?”

“என்ன கேட்ட?”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். “இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாக, இருக்கவான்னு கேட்டேன். மூணு ஞாயிறு கேட்டேன். மூணு தடவையும் சரின்னீக. கையெழுத்துப் போட இன்னும் நாலு நாள் இருக்கு. வேண்டாம்னு சொல்லுங்க, வந்துர்றேன்.”

கட்டில் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லவில்லை.

“இருந்தா அது கெடச்சிருமா?” என்றேன்.

“தெரியாதுப்பா. கெடைக்காமயே போகலாம்.”

“கெடைக்கலேன்னா என்ன செய்வீக?”

“இந்தச் சுருதியில இம்புட்டுச் சத்தத்துக்கு மேல அது இல்லன்னு எழுதி வெப்போம். அடுத்து வாரவுக அத விட்டுட்டு வேற எடத்துல தேடுவாக.”

இல்லை என்று எழுதுவதற்கு ஒருத்தி வீட்டைவிட்டு இத்தனை வருடம் இருக்க வேண்டுமா என்று நினைத்தேன். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த விதத்தைப் பார்த்தேன். பேசிய அத்தனை நேரத்தில் அந்த ஒரு பதிலைச் சொல்லும்போதுதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இருந்துட்டு வா” என்றேன்.

“கேட்டுட்டுச் சொல்றீகளா, கேக்காமச் சொல்றீகளா?”

“கேட்டுட்டுத்தான்.”

“நம்ப மாட்டேன். நான் என்ன கேட்டேன், திருப்பிச் சொல்லுங்க.”

போனை முகத்துக்கு நேரே பிடித்தேன். காலியான கண்மாயைப் பார்த்தபடி சத்தமாகவே சொன்னேன்.

“இன்னும் ரெண்டு வருசம் வர மாட்டேன், அங்கயே இருக்கவான்னு கேட்ட.”

சொன்ன பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. திரையில் அவள் மெல்லத் தலையாட்டினாள்.