பதினைந்து நாள் பொறுங்கள் என்றேன்

மேலப்பாளையத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. கூட்டமில்லாத மதியங்களில் செல்போனில் வீடியோ பார்த்துத்தான் சார்ட் படிக்கக் கற்றுக்கொண்டேன். சொந்தமாக வாங்கி விற்கத் தைரியமில்லை. டாலருக்கு எத்தனை ரூபாய் என்ற கோடு ஏறி இறங்குவதைப் பார்த்து, அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிப் பார்ப்பேன். நாலைந்து முறை பலித்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதால், எப்போது பணம் அனுப்பச் சொல்லலாம் என்று என்னைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அதில் எனக்குப் பெருமை.

அக்காவை நாங்கள் லாத்தா என்போம். என் லாத்தாவின் கணவர், என் மச்சான், ஷார்ஜாவில் லாரி ஓட்டுகிறார். அவருடைய வாப்பா எனக்கு மாமா முறை; அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. செலவுக்குப் பணம் அனுப்புவதைப் பற்றிக் கேட்க மச்சான் போன் செய்தார்.

"மாப்ள, இப்பம் அனுப்பட்டா, பொறுக்கட்டா?"

சார்ட்டில் டாலர் விலை ஒரே உயரத்தில் மூன்று தடவை முட்டிவிட்டுக் கீழே இறங்கியிருந்தது. நான்காவது தடவை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த உயரம்தான் தடை, அதை உடைத்தால் ரூபாய் இன்னும் சரியும், டாலரோடு சேர்ந்தே ஏறும் திர்ஹத்துக்கும் இங்கே கூடுதலாகக் கிடைக்கும் என்று விளக்கினேன்.

"ஒரு பதினஞ்சு நாள் பொறுங்க மச்சான். ஆப்பரேஷன் எங்கயும் ஓடிப் போவாது."

தடை உடையவில்லை. விலை முட்டிவிட்டுத் திரும்பியது. அன்றைக்கே அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஆனால் தப்பாகச் சொன்னவன் என்று ஆக எனக்கு மனம் வரவில்லை. முந்தைய நாட்களின் சராசரி விலையைக் காட்டும் கோடு இன்னும் மேல்நோக்கித்தான் போகிறது என்று ஒரு காரணம் கண்டுபிடித்து மறுபடி பதினைந்து நாள் கேட்டேன். பிறகு இன்னொரு பதினைந்து. பணம் வராமல் ஆப்பரேஷனுக்குக் குறித்த நாள் கடந்துபோனது.

ஒரு வியாழக்கிழமை மதியம் தடை உடைந்தது. மளமளவென்று ஏறியது. கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே கையை மடக்கிக் குதித்தேன். "இப்பம் அனுப்புங்க மச்சான்" என்று போனில் செய்தி போட்டேன். மாலையில் லாத்தா அழுதுகொண்டே போனில் கூப்பிட்டாள். அஸர் தொழுகைக்குப் போன மாமா, பள்ளிவாசல் படி தெரியாமல் கால் வைத்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது மச்சான் போனில் பேசினார். "நீ சொன்ன மாதிரியே ஏறிட்டுல்லா மாப்ள. நல்லவேள பொறுத்தோம். இந்தச் செலவுக்கு ஆச்சு." அவர் மனசாரத்தான் சொன்னார்.

மூன்றாம் நாள் மாமாவின் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன். "மாமா, பணத்தத் தள்ளிப்போடச் சொன்னது நான்தான்."

என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "தெரியும்லே. மருமவ சொன்னா." பிறகு கேட்டார். "என் கண்ணுதானலே அது? பொறுக்க முடியுமான்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. அவருக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

கண் ஆப்பரேஷன் பிறகு நடந்தது, பார்வை தெளிந்துவிட்டது. நடைதான் வீட்டுக்குள்ளோடு நின்றுபோயிற்று. நான் பார்க்கப் போனால் பேசுவார், சாப்பிடச் சொல்வார்.

இப்போது யாராவது வந்து ரேட் ஏறுமா என்று கேட்டால், பணம் எதற்கு என்று முதலில் கேட்கிறேன். மருத்துவத்துக்கு என்றால் இன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள் என்கிறேன். சார்ட் பார்ப்பதை மட்டும் விடவில்லை. அதைச் சொல்லவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.