கறிவேப்பிலை மரத்தடியில் ஒரு விமானத்தின் விசிறி

எவரிடமும் பயிலாமல், பெட்டியோடு வந்த படத்தை மட்டுமே பார்த்து, சிறிய தகட்டு விமானம் ஒன்றை நான் உருவாக்கி வருவதை நண்பர்கள் அறிவீர்கள். இன்று காலை அதன் மூக்கில் விசிறியைப் பொருத்துவது மட்டுமே எஞ்சியிருந்தது.

விசிறியைக் காணவில்லை. நகத்தளவு வெள்ளித் தகடு. பெட்டியில் மாற்றுத் துண்டும் கிடையாது.

அதை வைத்திருந்த குசினி மேசையில்தான் என் மச்சாள் உப்புவெளிக் கடற்கரையில் வாங்கிய விளைமீனைத் துப்புரவு செய்திருந்தார்.

"மச்சாள், இதில ஒரு சின்னத் தகடு கிடந்ததே?"

"மினுங்கினதெல்லாம் செதில் எண்டு கூட்டி அள்ளி, கறிவேப்பிலை மரத்தடியில தாட்டுப்போட்டன். ஏன், இனிப் பறக்கேலாதோ?"

"விசிறி இல்லாமல் எப்பிடிப் பறக்கும்?"

"இருந்தா மட்டும் பறக்குமோ?"

சிரித்தபடியே மண்வெட்டியை எடுத்து வந்தவரும் அவர்தான். தோண்டியெடுத்த செதில்களை அரிதட்டில் கழுவி, ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தோம். எல்லாம் வளைந்தன. ஒன்று மட்டும் வளையவில்லை.

"ஓம், இதுதான்!" என்று என்னைவிட உரத்துக் கூவியவர் மச்சாள்.

இப்போது விமானம் முழுமையுற்று அலுமாரியின் மேல் நிற்கிறது. கீழே அயல்வீட்டுப் பூனை அண்ணாந்து அமர்ந்திருக்கிறது.

தகட்டிலிருந்து மீன்வாடையை அகற்றும் முறை அறிந்தோர் தயைகூர்ந்து தெரிவிக்கவும். தேசிக்காய்ப் புளி ஏற்கெனவே தோல்வியுற்றது.