சுங்காய்க்குப் போன ஐஸ் பெட்டி

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மழைக்காலம் முடிந்த சமயம். சுங்காய் பக்கம், பழைய ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் அமைந்த மீன் பண்ணையில் எனக்கு வேலை. பேராக் ஆற்றில் அருகிவிட்ட தெமோலே மீனை அங்கே குளத்தில் வைத்துப் பெருக்கப் பார்க்கிறோம். மீனை மயக்க மருந்து கலந்த நீரில் கிடத்தி, கர்ப்பிணிகளுக்குச் செய்வதுபோல வயிற்றை ஸ்கேன் செய்வது என் பொறுப்பு. முட்டை முற்றிவிட்டதா என்று அறுக்காமலே தெரிந்துவிடும்.

அன்று காலை, எங்களிடம் இருந்த ஒரே பெண் மீனின் வயிறு நிறைய முற்றிய முட்டை. ஆண் மீன்களோ தயாராக இல்லை. கமுந்திங் பக்கம் இன்னொரு பண்ணையில் விந்து தருவதாகச் சொன்னதும் பெண் மீனுக்கு முட்டையிடத் தூண்டும் ஊசி போட்டோம். மாலைக்குள் முட்டை வந்துவிடும், தள்ளிப்போட முடியாது. நான் காரை எடுத்தேன்.

விந்துப் பையை ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஈப்போவில் நெரிசல். ஐஸ் உருகிவிட்டது. அங்கேயே சிலிபினில், ஐஸ் வாங்க ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினேன்.

"என்னா தங்கச்சி, பெட்டியில மீனா?" என்றார் கடைக்காரர்.

"ஆண் மீனோட விந்துண்ணே. பொண்ணு சுங்காயில காத்திருக்கு."

கடையே சிரித்தது.

"அப்ப மாப்பிள்ளைக்கு வேர்க்கக் கூடாதுலா."

தே ஐஸ் என்னும் குளிர்ந்த தேநீருக்கு வைத்திருந்த ஐஸை அள்ளிப் பெட்டியில் கொட்டினார். நான் காசு எடுக்கத் திரும்பினேன். மேலே வைத்தால் சூடாகிவிடும் என்று, விந்து இருந்த பையை அவரே ஐஸுக்குள் ஆழமாக அழுத்தி மூடினார்.

"காசு வேணாம். மொய்னு வச்சுக்க."

பண்ணையில் திறந்தபோது, அவர் அழுத்தியதில் பையின் வாய் பிதுங்கித் திறந்து, உருகிய நீர் உள்ளே போயிருந்தது. நீர் பட்டால் மீனின் விந்தணு சற்று நேரம் நீந்திவிட்டுச் செத்துவிடும். மைக்ராஸ்கோப்பில் எதுவும் அசையவில்லை. இருந்தாலும் முட்டையோடு கலந்து பார்த்தோம். மறுநாள் முட்டைகள் எல்லாம் செத்து வெளுத்துக் கிடந்தன. அந்த மீன் பிறகு முட்டை வைக்கவே இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் ஸ்கேன் செய்துதான் பார்க்கிறேன்.

சில வாரம் கழித்து அந்தக் கடைக்குப் போனேன்.

"குஞ்சு பொரிச்சுச்சா?" என்று ஆவலாகக் கேட்டார்.

"இந்தத் தடவை கூடலண்ணே."

"பரவால்லலா. அடுத்த தடவையும் இங்க வா, ஐஸ் நான் தாரேன்."

காரணத்தை நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, யாராவது கேட்காமலே கை கொடுக்க வந்தால் நன்றிக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வருகிறது. அந்தப் பயத்துக்காக ஒவ்வொரு முறையும் அவரிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.