துரைக்கு வயது பதினாலு

ஆணியில் மாட்டிய புல்வெட்டி பிளேடு இடப்பக்கம் சாய்ந்தது. அக்கா அதைக் கழற்றி, சாய்ந்த பக்கத்தை அரத்தால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி மாட்டினார். இப்போது வலப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. "ஓ, உனக்குப் பொறாமையா?" என்று அந்தப் பக்கத்துக்கும் ஒரே ஒரு இழுப்பு. மூன்றாம் முறை பிளேடு எந்தப் பக்கமும் போகாமல் படுக்கைவசமாக நின்றது. அக்கா இரண்டடி பின்னால் போய், சுவரில் மாட்டிய கல்யாணப் படம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பவரைப் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம்தான் மூச்சு விட்டார்.

எங்கள் குடியிருப்பில் நாலு கட்டடங்கள், நடுவே ஒரு பெரிய புல்வெளி. அந்தப் புல்வெளி முழுக்க அக்காவின் பொறுப்பு. ஐம்பத்திரண்டு வயது, ஒட்ட வெட்டிய நகம், எப்போதும் தோளில் ஒரு பழந்துணி. எழுபதைத் தாண்டிய மூன்றாம் மாடிப் பெரியவரும் இவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். யாருக்கும் அது விசித்திரமாகப் படுவதில்லை. கருவிகள் வைக்கும் கொட்டகை என் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. நான் வீட்டில் உட்கார்ந்து அச்சுப் பிழை திருத்துகிறவன். ஒரு பக்கம் திருத்தினால் இரண்டு பக்க நேரம் ஜன்னலைப் பார்ப்பேன். அந்தச் சோம்பேறித்தனத்தின் பலன்தான் இந்தக் கட்டுரை.

கொட்டகையில் குடியிருப்பவர் பெயர் துரை. பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும் பெட்ரோல் புல்வெட்டி. சாயம் போன சிவப்பு உடம்பு, நாலு சக்கரம், இழுத்து எழுப்ப ஒரு கயிறு. ஒரு நாள் காலையில் எத்தனை முறை இழுத்தும் கிளம்பாதபோது, "துரை எந்திரிக்க மாட்டேங்கிறாரு, காப்பி கொண்டாந்து குடுக்கணுமாம்" என்று அக்கா சொன்னதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. குடியிருப்பின் பொருட்பட்டியலில்கூட யாரோ குறும்பாக அப்படியே எழுதிவைத்திருக்கிறார்கள்.

துரையை வாங்கிய கதையை அக்கா சொல்லிக் கேட்க வேண்டும். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அப்போதைய செயலாளர் அவரையும் கடைக்கு அழைத்துப் போயிருக்கிறார். விற்பனைக்கார இளைஞர் பளபளப்பான ஒன்றைக் காட்டி, கைப்பிடியில் தண்ணீர் பாட்டில் வைக்க இடம் இருப்பதைப் பெருமையாகச் சொன்னாராம். "நான் சொன்னேன், தம்பி, எனக்குத் தாகம் எடுத்தா நானே போய்க் குடிச்சுக்குவேன். இதைக் கொஞ்சம் சாச்சுக் காட்டு, வயித்தைப் பாக்கணும்." கடைக்காரர்கள் ஆடிப்போய்விட்டார்களாம். அக்கா தரையில் உட்கார்ந்து, வரிசையாக நின்ற ஏழு இயந்திரங்களின் அடிவயிற்றையும் பார்த்தார். தகடு தடிமனா, தட்டினால் என்ன சத்தம், சக்கரத்துக்குள் பேரிங் இருக்கிறதா அல்லது வெறும் பிளாஸ்டிக் ஓட்டையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் ஒரு கேள்வி: "இதோட சாமான் பத்து வருஷம் கழிச்சும் கிடைக்குமா?" ஆறு இயந்திரங்களுக்கு விற்பனைக்காரர் மழுப்பினார். ஏழாவது இயந்திரத்துக்கு மட்டும் கடையின் பழைய மெக்கானிக் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அதுக்கு எங்க தேடினாலும் கிடைக்கும்மா" என்றார். அந்த ஏழாவதுதான் துரை.

பாட்டில் வைக்கும் இடம் இருந்ததே, அந்த மாதிரியை எதிர்த் தெருக் குடியிருப்பில் வாங்கினார்கள். மூன்றாம் வருஷமே அது பழைய இரும்புக்குப் போனது. இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் வருத்தம் இருக்கும், ஆனால் வாயெல்லாம் பல்.

துரையோடு வந்த விளக்கப் புத்தகத்துக்கு அக்கா பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல அட்டை போட்டு வைத்திருக்கிறார். இருபத்தைந்து மணி நேரம் ஓடினால் எண்ணெய் மாற்று என்கிறது புத்தகம். ஒரு தடவை புல்வெளியை வெட்ட இரண்டு மணி நேரம் ஆகும். அதனால் கொட்டகையில் ஒரு கொடி கட்டி, அதில் பன்னிரண்டு துணிக் கிளிப்புகளை மாட்டியிருக்கிறார். ஒவ்வொரு முறை வெட்டி முடித்ததும் ஒரு கிளிப் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகும். பன்னிரண்டும் வலப்பக்கம் சேர்ந்தால் அன்று துரைக்கு எண்ணெய் மாற்றம். ஒரு முறை அவசரத்துக்கு அந்தக் கொடியிலிருந்து ஒரு கிளிப் எடுத்து என் லுங்கியைக் காயப்போட்டுவிட்டேன். ஒரு வாரம் அக்கா என்னோடு பேசவில்லை.

வெட்டி முடித்ததும் முதலில் பிளக் ஒயரைப் பிடுங்குவார். "வாயைக் கட்டிட்டுத்தான் வயித்துல கை வைக்கணும்." அப்புறம் மரக்கரண்டியால் அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டுவார். ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லை என்றால் டேங்கில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுவார். "பழைய பெட்ரோல் ஊசிப்போன சோறு தம்பி. பசிக்குதேன்னு தின்னுடலாம். அப்புறம் படுக்கணும்."

ஈரப் புல்லில் துரையை இறக்கவே மாட்டார். முதல் மாடி அம்மாள் ஒரு முறை, மறுநாள் விருந்தாளி வருகிறார்கள், மழை விட்டதும் வெட்டிவிடு என்று கெஞ்சினார். "ஈரத்துல வெட்டினா புல்லு வயித்துல அப்பிக்கும்மா. அப்புறம் வைத்தியம் பாக்கிறது நீங்களா, நானா?" விருந்தாளிகள் முழங்கால் உயரப் புல்லில் நடந்து போனார்கள். புல் நீண்டுவிட்டாலும் ஒரேயடியாக ஒட்ட வெட்ட மாட்டார். இன்று மூன்றில் ஒரு பங்கு, நாலு நாள் கழித்து இன்னொரு பங்கு. "மொத்தமா வெட்டினா புல்லுக்கும் மூச்சு முட்டும், துரைக்கும் மூச்சு முட்டும்."

சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லும் அக்காவின் காது துரையோடு நிற்பதில்லை. தபால்காரரின் பைக் வாசலில் நின்றதும், "உங்க வண்டி இருமுது சார், ஃபில்டரைப் பாருங்க" என்பார். தபால்காரர் இப்போதெல்லாம் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்.

போன மாதம் இந்த ராஜ்யத்துக்கு ஆபத்து வந்தது. இப்போதைய செயலாளர் நல்ல மனிதர், ஆனால் புதுசு என்றால் உயிர். ஒரு தோட்டப் பராமரிப்புக் கம்பெனி அவரிடம் பேசியிருந்தது. பாட்டரியில் ஓடும் இயந்திரம் வரும், அதை ஓட்டும் ஆளும் கூடவே வருவார், துரையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். அப்படியானால் அக்கா? "படிக்கட்டு பெருக்க ஆள் வேணும்தானே" என்றார் செயலாளர். அன்று சாயங்காலம் அக்கா கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "படிக்கட்டு பெருக்கிறது ஒண்ணும் கேவலம் இல்ல தம்பி," என்றார் என்னிடம். "ஆனா படிக்கட்டு வளராதே."

குடியிருப்புக்காரர்கள் சத்தம் போட்டதில் செயலாளர் ஒரு படி இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை புல்வெளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கம்பெனி இயந்திரம் வெட்டட்டும், மறு பாதியைத் துரை வெட்டட்டும். பார்த்துவிட்டு எல்லாரும் கை தூக்கி முடிவு சொல்லலாம் என்றார்.

சனிக்கிழமை காலையிலேயே அக்கா பிளேடு தீட்டி, எண்ணெய் அளவு பார்த்து, பிளக்கைத் துடைத்துக் கொட்டகையைப் பூட்டிவிட்டார். மத்தியானம் தங்கையைப் பார்க்கப் போய்விட்டார். அப்போதுதான் அக்காவின் வீட்டுக்காரர் கதைக்குள் வருகிறார். அவர் ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். முந்நூறு பேருக்குச் சமைப்பதும், ஆள் உள்ளே இறங்கி நிற்கும் அளவு அண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்ப்பதும்தான் அவர் உலகம். மனைவி இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வீட்டில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு வந்தார், கொட்டகையைத் திறந்தார். மத்தியானத் தூக்கத்தில் இருந்த நான் அன்று மட்டும் ஜன்னலைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாலு கட்டடமும் கீழே இறங்கியிருந்தது. கம்பெனிக்காரர் முதலில் ஆரம்பித்தார். பொய் சொல்லக்கூடாது, அது நன்றாகவே வெட்டியது. சத்தமே இல்லை. செயலாளர், வெள்ளைச் சட்டையும் தானுமாக, சம்பந்தி வீட்டார் போல முறுவலித்துக்கொண்டு நின்றார்.

அக்கா துரையைத் தள்ளிக்கொண்டு வந்து கயிற்றை இழுத்தார். கயிறு வரவில்லை. சுவரில் கட்டிய கயிற்றை இழுப்பது போல அசையாமல் நின்றது. மறுபடி இழுத்தார். ம்ஹூம். யாரோ சிரித்தார்கள். அக்கா குனிந்து ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்தார். உள்ளே ஃபில்டர் எண்ணெயில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. அவர் மெதுவாக நிமிர்ந்து கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். வீட்டுக்காரரின் முகத்தில் வந்து பார்வை நின்றது. அந்த முகம் பேயறைந்தது போல இருந்தது.

"இங்க பாருங்க. துரையைத் தொட்டீங்களா?"

"கழுவினேன்..."

"எந்தப் பக்கம் சாச்சீங்க?"

"குழாய் இருக்கிற பக்கம். இந்த மூடி இருக்கே, அது கீழே வர்ற மாதிரி."

"எவ்வளவு நேரம்?"

"சாயங்காலம் வரைக்கும். தண்ணி வடியட்டும்னு..." அவர் குரல் உள்ளே போனது. "கழுவின பாத்திரத்தைக் கவுத்துத்தானே வைக்கணும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. புல்வெட்டியைச் சாய்க்கும்போது ஃபில்டர் மேல்பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் முழுக்க என்ஜின் தலைக்குள்ளும் ஃபில்டருக்குள்ளும் இறங்கிக் கயிற்றை இழுக்கவிடாமல் அடைத்துக்கொள்ளும் என்பதை எனக்கே அக்கா நூறு முறை சொல்லியிருக்கிறார். அண்டாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

"அப்ப முடிஞ்சுதுன்னு வெச்சுக்கலாமா?" என்றார் செயலாளர்.

"பதினஞ்சு நிமிஷம் குடுங்க சார்."

அக்கா கொட்டகைக்கு ஓடவில்லை, நடந்துதான் போனார். ஒரு ஸ்பானர், ஒரு பிஸ்கட் டப்பா, எண்ணெய்க் கேன். திரும்பி வந்து உட்கார்ந்து பிளக்கைக் கழற்றினார். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். "நான் பாக்கத்தானே வந்திருக்கேன்?" என்று செயலாளர் இன்னும் அரையடி முன்னால் வந்து குனிந்தார். அக்கா கயிற்றை ஓங்கி இழுத்தார். பிளக் ஓட்டையிலிருந்து எண்ணெய் பீச்சாங்குழல் போலப் பாய்ந்து வெள்ளைச் சட்டையின் நடுவில் விழுந்தது.

செயலாளர் தன் சட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "சொன்னேனே சார்" என்றார் அக்கா, இன்னொரு இழுப்பு இழுத்துக்கொண்டே. மூன்றாம் மாடிப் பெரியவர் முதலில் வெடித்துச் சிரித்தார். அப்புறம் செயலாளரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

அக்காவின் கைகள் மட்டும் நிற்கவில்லை. பிளக்கைத் துடைத்து மாட்டினார், பிஸ்கட் டப்பாவிலிருந்து புது ஃபில்டர் எடுத்துப் போட்டார், குறைந்த எண்ணெயை ஊற்றி அளவு பார்த்தார். எழுந்து நின்று கயிற்றை இழுத்தார். துரை ஒரு முறை தும்மினார். அடுத்த இழுப்பில் உறுமிக்கொண்டு எழுந்தார், கூடவே வெள்ளைப் புகை. அது என்ன புகை! நாலு கட்டடமும் காணாமல் போனது. இரண்டாம் மாடிக்காரர்கள் காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். "உள்ளே போன எண்ணெய் எரியுது, பயப்படாதீங்க!" என்று புகைக்குள்ளிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது.

புகை மெலிந்து அடங்கியபோது துரை சீராக ஓடிக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரர் தன் இயந்திரத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தி, துரையின் தகட்டில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டார்.

"எத்தனை வயசு அக்கா இதுக்கு?"

"பதினாலு."

"சார்," என்று அவர் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார், "எங்க ஆபீஸ்ல சொல்லிடாதீங்க. இப்படி ஒரு ஆள் இருக்கிறப்ப எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

துரை வெட்டும் முன்பே கை தூக்கச் சொன்னபோது முதலில் எழுந்தது எண்ணெய்ச் சட்டைக்காரரின் கைதான். பிறகு நாலு கட்டடமும் கை தூக்கியது. ஒரு அச்சுப் பிழை திருத்துபவன் இரண்டு கையையும் தூக்கினான், எண்ணிக்கையில் தவறு என்று தெரிந்தே.

அக்கா தன் பாதியை வெட்ட ஆரம்பித்தார். கோடு போட்ட நோட்டுப் போல வரிசை வரிசையாகப் புல் படிந்துகொண்டே வந்தது. கடைசி வரிசையின் முடிவில், வேலி ஓரமாக, வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அக்கா அவருக்கு நேர் எதிரே வந்து துரையை நிறுத்தினார்.

"தெரியாம செஞ்சுட்டேன்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"நானும்தான் பாக்காம இழுத்தேன்," என்றார் அக்கா. "நேத்து பாத்தாச்சேங்கிற திமிரு."

பிளக் ஒயரைப் பிடுங்கி, ஃபில்டர் மேலே இருக்கும்படி துரையைச் சாய்த்து அடியில் எட்டிப் பார்த்தார். இப்போது வெட்டிய புல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதற்கு அடியில், கடையில் பார்த்த நாளைப் போலத் தகடு மின்னியது. மூலைகளில்கூட அழுக்கு இல்லை.

"எதை வெச்சுத் தேய்ச்சீங்க?"

"கம்பி நாரு. மூலைக்கு அது போகல. அங்க விரலாலதான்..."

அக்கா அவர் கையைப் பிடித்து விரித்தார். நாலு விரல் நுனியும் தோல் உரிந்து சிவந்திருந்தன. குடியிருப்பே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அந்த விரல்களைத் தன் வாய்க்கு அருகே கொண்டுபோய், ஒவ்வொன்றாக, மெதுவாக ஊதினார்.