பச்சைப் புள்ளி விழுந்த நாட்கள்

பல மாதங்களாகக் காலையில் எழுந்ததும் நான் முதலில் திறந்தது கிதார் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆப்பை. எனக்குக் கிதார் வராது. நகரியில் விசைத்தறிகளுக்கு நடுவே வளர்ந்தவன். சத்தம் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பது மட்டும்தான் என் காதுக்குத் தெரியும். ஆனாலும் படுக்கையில் இருந்தபடியே அந்த ஆப்பைத் திறந்து, மாதக் காலண்டர் உள்ள பக்கத்துக்குப் போய், நேற்றைய தேதிக்குக் கீழே பச்சைப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். விழுந்திருந்தால் எழுந்து பல் துலக்கப் போவேன். இல்லையென்றால் கொஞ்ச நேரம் அப்படியே கிடப்பேன்.

அந்தப் புள்ளி என் மகளுடையது. அவள் திருப்பதியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நாங்கள் சித்தூரில் இருக்கிறோம். முதல் வருஷத்தில் ஒருநாள் வார்டன் போன் செய்து, பெண் அறையை விட்டு வெளியே வருவதில்லை, சாப்பிடுவதும் இல்லை, வந்து பாருங்கள் என்று தெலுங்கில் சொன்னார். நானும் என் மனைவியும் ஓடினோம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. குளித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் மனைவி அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் போனில், "துன்னுட்டியா பாப்பா?" என்று கேட்டிருந்தேன். "துன்னுட்டேன் நைனா" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். அவள் உடம்பு தேறிய பிறகும் அந்தச் சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை. போனில் அவள் என்ன சொன்னாலும் நம்ப முடியாதவனாக ஆகிவிட்டேன்.

வீட்டுக்கு அழைத்து வந்தோம். திருப்பதியில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினோம். இது சோம்பல் அல்ல, நோய், மாத்திரையும் பேச்சும் சேர்ந்துதான் குணமாக்கும் என்று அவர் சொன்னார். அந்த மாதங்களில் மகள் தானாக வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் கிதார். பழைய கிதார் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ஆசிரியரிடம் போக மாட்டேன், முன்பின் தெரியாதவர் முன்னால் உட்கார முடியாது என்றாள். அதனால்தான் ஆப்.

எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர், ரேஷன், காலேஜ் பீஸ், மின்சார பில் எல்லாம் என் நம்பரில்தான். எதற்கு ஓடிபி வந்தாலும் எனக்குத்தான் வரும். தொழிற்சாலையில் வேலையாக இருக்கும்போது மனைவி போன் செய்து, "நம்பர் வந்துச்சா, சொல்லுங்க" என்பாள். ஆப்பும் அப்படியே என் நம்பரில் திறந்ததுதான். மகள் தன் போனில் வைத்துக்கொண்டாள். என் போனிலும் அதே கணக்கு திறந்திருந்தது.

ஆப் அவள் வாசிப்பதை மைக்கில் கேட்கும். மூன்று நான்கு கம்பிகளைத் தனித்தனி இடங்களில் ஒரே சமயத்தில் அழுத்திப் பிடிப்பது கார்ட். விரல் சரியாகப் பதிந்தால் திரையில் எழுத்து பச்சையாகும். சுரம் சுரமாக ஏறி இறங்குவது ஸ்கேல். அன்றைக்கு ஏதாவது ஒன்றை வாசித்துவிட்டால் காலண்டரில் புள்ளி விழும்.

அவள் மறுபடியும் விடுதிக்குப் போகும்போது மருத்துவர் எங்களை மட்டும் உட்காரவைத்துப் பேசினார். "மணிக்கு ஒரு தடவை போன் பண்ணி எப்படி இருக்கேன்னு கேக்காதீங்க. உங்களுக்காக நல்லா இருக்கிற மாதிரி நடிக்க ஆரம்பிச்சிடுவா." சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம். வாரத்துக்கு ஒரு போன், ஞாயிற்றுக்கிழமை மட்டும். மீதி நாட்களுக்கு எனக்குப் புள்ளி இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேவு பார்ப்பதுபோலத்தான் இருந்தது. ஆனால் புள்ளி பொய் சொல்லாது என்று நினைத்தேன்.

கோடை விடுமுறைக்கு வந்து, நன்றாகச் சாப்பிட்டு, பலமனேரில் சித்தி வீட்டுக்கெல்லாம் போய்வந்து, அவள் திரும்பிப் போனாள். இதற்குள் அவளுக்கு வேறு நல்ல கிதார் வாங்கியிருந்தோம். பழையது வீட்டிலேயே ஃபிரிட்ஜ் பக்கத்தில் சாய்ந்து நின்றது. அது மாங்காய் சீசன். நான் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் லேபில் வேலை பார்க்கிறேன். கேட்டுக்கு வெளியே தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். நாள் முழுக்க இனிப்பும் புளிப்பும் அளந்து அளந்து, வீட்டுக்கு வரும்போது உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. யாரோடும் பேசத் தோன்றாது. அப்படி ஒரு மாலையில்தான் அந்தப் பழைய கிதாரை மடியில் எடுத்து வைத்தேன்.

அவள் தினமும் என்னதான் செய்கிறாள் என்று தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றியது. ஆப்பில் 'கெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டு வாசித்தால் என் தப்புத்தாளமெல்லாம் அவள் பாடத்தில் சேராது என்று புரிந்துகொண்டேன். பாடத்தில் சேரவில்லைதான். காலண்டரைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

விரல் நுனி எரிந்தது. பழச்சாறு பட்டுப் பட்டு வெடித்திருந்த இடத்தில் கம்பி ஏறி உட்கார்ந்தது. சி கார்ட் ஒரு வழியாக வந்தது. எஃப் வரவே இல்லை. ஒரு விரலைக் குறுக்கே படுக்க வைத்து எல்லாக் கம்பிகளையும் அழுத்த வேண்டுமாம். எழுத்து சாம்பல் நிறத்திலேயே நிற்கும். இதை என் மகள் எப்படிச் செய்தாள், அதுவும் அந்த நிலைமையில் என்று நினைக்க நினைக்க எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்தது.

காலையில் பார்த்தால் புள்ளி. மறுநாளும் புள்ளி. சில நாள் வேலை முடிய நேரமாகி, கிதாரைத் தொடாமலே படுத்துவிடுவேன். அடுத்த காலையில் புள்ளி இருக்காது. அவளுக்கும் வேலை இருந்திருக்கும், பரீட்சையாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். களைப்பில் இருந்த மூளைக்கு அதற்குமேல் ஓடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு பேசி முடித்துவிட்டு, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "கம்பி அறுந்து எத்தினி நாளாச்சு, இன்னும் மாத்தலையாம் உங்க பொண்ணு."

"எந்தக் கம்பி?"

"கிதார் கம்பிதான். காலேஜ் தொறந்த வாரமே அறுந்துட்ச்சாம். கடைக்குப் போவணும், போவணும்னு சொல்லிக்கினே கீறா. எனக்கின்னாவோ சரியாப் படலை."

"நேத்துகூட வாசிச்சிருக்காளே." போனை நீட்டினேன்.

அவள் புள்ளியைப் பார்த்தாள். பிறகு ஃபிரிட்ஜ் பக்கம் பார்த்தாள்.

"நேத்து வாசிச்சது நீங்க."

"நான் கெஸ்ட்டுல போய்..."

"கெஸ்ட்டோ கிஸ்ட்டோ. நேத்து சாயங்காலம் இந்த வூட்ல டொய்ங் டொய்ங்னு காதைப் பிராண்டினது நீங்கதான். எனக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும். அந்த போனுக்குத் தெரியாதா?"

எழுந்துபோய்க் கிதாரை எடுத்தேன். அன்றைய தேதிக்குக் கீழே ஒன்றும் இல்லை. கெஸ்ட்டை அழுத்தி, சி கார்ட் பிடித்து வாசித்தேன். எழுத்து பச்சையானது. காலண்டருக்குப் போனேன். அன்றைய தேதியின் கீழ் புள்ளி விழுந்திருந்தது.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. அத்தனை நாள் காலையும் நான் எழுந்து நிம்மதியாகப் பல் துலக்கப் போனது என் சொந்த வாசிப்பைப் பார்த்துத்தான். விடுதியில் என்ன நடக்கிறது என்று எங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

உடனே போன் செய்தேன். மருத்துவர் சொன்னது ஞாபகம் இருந்தது, ஆனாலும் செய்தேன்.

"இன்னா நைனா, இப்பத்தானே பேசினோம்?"

"கம்பி அறுந்துட்ச்சாமே பாப்பா."



"கண்டுபுடிச்சிட்டியா?" என்றாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"புள்ளி விழுந்துக்கினே இருந்துச்சு. நான் வாசிக்கலை. அம்மா வாசிக்க மாட்டா. அப்ப யாரு, பூனையா?"

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ போன் பண்ணுவ."

நாளைக்கு வரட்டுமா என்று கேட்டேன். எப்போது கேட்டாலும், எதுக்கு நைனா, லீவு போட்டு வெயில்ல வராத என்பாள். அன்றைக்கு, "வா" என்றாள்.

சீசன் நடுவில் லீவு கேட்டதற்கு மேலாளர் முகத்தைச் சுளித்தார். விடிந்ததும் பஸ் ஏறினேன். மலைக்குப் போகிறவர்களும் மொட்டை போட மடியில் குழந்தை வைத்திருப்பவர்களுமாகப் பஸ் நிறைந்திருந்தது. சந்திரகிரி தாண்டும் வரை அவளிடம் என்னென்ன கேட்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். சொல்லச் சொல்லக் கேட்கக்கூடாதவை கூடிக்கொண்டே போயின.

விடுதி வாசலில் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். என் கண் எங்கே போகிறது என்று கவனித்துவிட்டாள்.

"தலை வாரிக்கினுதான் வந்தேன், பாத்துக்க."

பக்கத்து டிபன் கடையில் உட்கார்ந்தோம். தோசையைக் கிள்ளிக் கிள்ளி வைத்தாளே தவிரத் தின்னவில்லை.

"அப்ப மாதிரி இல்ல நைனா. குளிக்கிறேன், ரூம்ல பேசறேன். ஆனா காலைல எழ முடியல. முதல் ரெண்டு கிளாஸ் தினமும் போவுது. கம்பி மாத்தறது இன்னா பெரிய வேலையா? அந்தக் கடை வரைக்கும் நடக்கத் தோணல."

"மாத்திரை?"

"லீவு முடிஞ்சு வந்ததும் வுட்டுட்டேன். நல்லாயிட்டேன்னு நெனச்சேன்."

நான் தண்ணீர் குடித்தேன்.

"திட்டாத."

"திட்டலையே."

"வாய் திட்டலை. மூஞ்சி திட்டுது."

அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். எது நிஜமான சிரிப்பு என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை என்பதுதான் உண்மை.

"டாக்டர்கிட்ட போவணும்னு போன வாரமே நெனச்சேன்," என்றாள். "தனியாப் போவ முடியல. உங்களைக் கூப்புடலாம்னா, அம்மா அன்னிக்கு ரூம்ல அழுதது ஞாபகம் வந்துச்சு. நீ வாசிச்சுக்கினு இருந்தே, புள்ளி விழுந்துச்சு, காலைல நீ அதைப் பாப்பேன்னு எனக்குத் தெரியும், நீங்க ரெண்டு பேரும் தூங்கினீங்க. சரி, தூங்கட்டும்னு வுட்டுட்டேன்."

எங்களைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். எழுந்திருக்கக்கூட முடியாத பெண். சப்ளையரைக் கூப்பிட்டு அவளுக்கு ஒரு காபி சொன்னேன்.

"இன்னிக்கே போலாமா?" என்று கேட்டேன்.

"போலாம்."

மருத்துவரிடம் கூட்டம். டோக்கன் வாங்கிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தோம். அவள் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள். எங்கள் முறை வந்து நர்ஸ் கூப்பிட்டபோது, போன வருஷம் செய்ததுபோலவே நானும் கூட எழுந்தேன். அப்போதெல்லாம் எங்கள் எதிரில்தான் அவள் பேசியிருக்கிறாள். பாதிக் கேள்விக்கு நானே பதில் சொல்லியிருக்கிறேன்.

"நான் மட்டும் போறேன் நைனா," என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. பேச்சுக்குரல் வந்தது. என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. ஒரு இடத்தில் அவள் குரல் நெடுநேரம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. எங்களோடு அவள் அவ்வளவு நேரம் பேசிக் கேட்டு வெகுநாளாயிற்று. கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

மனைவியிடமிருந்து செய்தி வந்தது: "இன்னா சொல்றாங்க?"

"தெரியல. அவ மட்டும் உள்ள கீறா. அவ சொன்னா சொல்றேன்" என்று எழுதி அனுப்பினேன்.