மருந்து அளக்கும்போது ஆமென் சொல்லக் கூடாது

மக்காச்சோளத்தில் காட்டுப்பன்றி இறங்க ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பக்கம் துப்பாக்கி லைசென்ஸுக்கு மவுசு கூடிவிட்டது. புதிதாக வாங்கியவர்கள் யோசனை கேட்டு என்னிடம் வருகிறார்கள். என்னுடையது அப்பா காலத்து ஒற்றைக்குழல், ஒவ்வொரு தடவையும் மருந்து கெட்டித்துத்தான் வெடிக்க வேண்டும். குண்டு போடுவதில்லை, சத்தம் மட்டும்தான். அதற்குப் பன்றிகள் ஓடுகின்றன. கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவதை நான் வெளியே சொல்வதில்லை.

வருகிறவர்களிடம், லைசென்ஸ் கடையில் மட்டும் மருந்து வாங்குங்கள், கண்ணளவை நம்பாதீர்கள், அடுப்பும் பீடியும் செல்போனும் அந்தப் பக்கமே வேண்டாம் என்பேன். பவ்யமாகத் தலையாட்டுவார்கள். அளந்து முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்றால் மட்டும் சிரிப்பு வந்துவிடும். பேசினால், ஒரு வெடிக்கென்று மடிக்கிற பொட்டலத்தில் போட்டது ஒரு அளவா இரண்டு அளவா என்று மறந்துபோகும். இரண்டு விழுந்தால் குழலே வெடிக்கும். சந்தேகம் வந்தால் கொட்டிவிட்டு முதலிலிருந்து அளக்க வேண்டும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

போன வருடம் மகளைப் பெண் கேட்டு கழுகுமலையிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. பையனை மகளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வருவதாகச் சொன்னவர்கள், பஸ் தோதாகக் கிடைத்ததென்று சனிக்கிழமை சாயங்காலமே வந்து இறங்கிவிட்டார்கள். நான் பின்கட்டு அறையில் பித்தளை அளவையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பையனின் அம்மா கூடத்தில் என்னை விசாரிப்பது உள்ளே கேட்டது.

"உள்ள மருந்து போட்டுக்கிட்டு இருக்காவ. முடியுற வரைக்கும் பேச மாட்டாவ" என்றாள் என் மனைவி.

துப்பாக்கி என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். ஊருக்கே தெரிந்ததுதானே என்று நினைத்துவிட்டாள்.

"எத்தன வருசமா?"

"நான் கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து பாக்குதேன். அளவு கூடிட்டா ஆளையே தூக்கிரும்."

அந்த அம்மாவின் குரல் இறங்கியது. "பரம்பரையா?"

"ஆமா, அவிய அப்பாகிட்டருந்து வந்தது. இவியளுக்கு அப்புறம் எங்க மவளுக்குத்தான்."

எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு வார்த்தை கத்தினால் போதும், எல்லாம் தெளிந்துவிடும். ஆனால் பொட்டலம் பாதியில் நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அளந்தேன். கூடத்தில் எல்லோரும் எழுந்து நிற்கிற அரவம் கேட்டது. எனக்காக ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார் அந்த அம்மா! நல்ல குரல், உருக்கமான ஜெபம். இந்தச் சகோதரனின் நோவை நீக்கி, பேச நாவைத் தாரும் கர்த்தாவே என்று முடித்தார்.

"ஆமென்" என்றேன்.

நான் சொல்லவில்லை, ஞானஸ்நானம் வாங்கிய வாய் தானாகச் சொல்லிவிட்டது. குனிந்து பார்த்தால் பொட்டலத்தில் ஒரு அளவா, இரண்டா? சத்தியமாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் டப்பாவில் திருப்பிக் கொட்டி மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். நோயாளியைப் பார்க்கிற முகத்தோடு நின்றார்கள். அது துப்பாக்கி மருந்து என்றேன். பையனின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"ஆமென் சொன்னீங்கன்னா எல்லாம் காதுல விழுந்துருக்கு. மவ காரியம் கெட்டுப்போகுதுன்னு தெரிஞ்சும் ஏன் வாயத் தொறக்கல?"

"பேசினா அளவு தப்பிரும். வெடிக்கும்போது டார்ச் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நிக்கது எம் மவதான்."

அந்த அம்மா அடுக்களை வாசலில் நின்ற என் மகளைப் பார்த்து, "ஏட்டி, இங்கன வந்து உக்காரு" என்று தன் பக்கத்தில் இடம்விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மருந்துக் கையென்று துடைக்காமல் விட்டேன்.

அன்றைக்குத் துப்பாக்கி வெடிக்கவில்லை. பன்றிகள் சோளத்தில் இறங்கி நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போயின. சாப்பிடட்டும், கல்யாண வீடு.