இரண்டாவது முடிச்சு

நேற்று என் மகளின் நெற்றியைத் தொட்டு, "காய்ச்சல் இல்லதானே?" என்று கேட்டேன். "இல்லம்மா" என்றாள். அப்படிக் கேட்டது சரியா என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மாமாவின் இறால் குட்டை நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பி வேலையை விட்டுவிட்டு, முட்டுக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டையைக் குத்தகைக்கு எடுத்து இறால் வளர்த்தார். அந்த ஒரு அறுவடையைத்தான் வீடே நம்பியிருந்தது. ஞாயிறுதோறும் மந்தைவெளியிலிருந்து என்னையும் அழைத்துப்போவார். கறுப்பும் வெள்ளையும் பூசிய தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவது அவர் வேலை. கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சு. தட்டு எந்த முடிச்சில் மறைகிறது என்று சொல்வது என் வேலை.

"எனக்குக் கண்ணு சரியில்ல பாப்பா, நீதான் பாக்கணும்."

இரண்டாவது முடிச்சில் மறைந்தால் அது இறாலுக்கு இரையாகும் பாசியின் நல்ல பச்சைக் கலங்கல், இறால் நன்றாக வளரும் என்பார். சரியான விடை இன்னதென்று தெரிந்தால் எனக்குப் போதும். வகுப்பில் நான் தப்பாகப் பதில் சொன்னதே இல்லை.

ஒரு பெருமழையில் கரை கரைந்து, குட்டை செம்மண் குழம்பானது. தட்டு முதல் முடிச்சுக்கு முன்பே காணாமல் போனது. மாமா சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டுதானே?" என்றார்.

"ரெண்டுதான் மாமா."

குட்டையின் காவல்காரர் சிரித்துவிட்டார். "இன்னா சார், தண்ணி டீ மாதிரி கீது, பாப்பா ரெண்டுன்னுது! வெயிலு உள்ள போவல. செவுள்ல சேறு அப்பிக்கினு கீது. எறா எப்டி வளரும்?"

"கொழந்த பொய் சொல்லுமா? உன் வேலயப் பாருய்யா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தண்ணீர் தெளியவே இல்லை; அடுத்த மூன்று ஞாயிறும் இரண்டு என்றே சொன்னேன்.

நான்காம் ஞாயிறு காவல்காரர் வலை வீசினார். உள்ளங்கை நீளம் இருக்கவேண்டிய இறால்கள் என் சுண்டுவிரல் அளவில் துள்ளின.

"மழைக்கு மின்னாடி பாத்த அதே சைசு சார்" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

மாமா ஒன்றைக் கையிலெடுத்து, அதன் தலையில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் மெல்லத் துடைத்தார். பிறகு தட்டைக் கயிற்றோடு சுருட்டிப் பைக்குள் வைத்தார். அதற்குப்பின் அவர் இறால் வளர்க்கவில்லை. என்னைத் திட்டவுமில்லை. என் பொய்தான் குட்டையைக் கெடுத்தது என்று பல வருடம் நம்பியிருந்தேன்.

வலை வீசிய அன்று மாலை திருவான்மியூரில் பேருந்து மாறக் காத்திருந்தோம். தூரத்தில் ஒன்று திரும்பியது. எண் எனக்கு வெறும் புள்ளியாகத்தான் தெரிந்தது.

"நம்ம பஸ்தான், வா" என்று மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் சொன்ன பேருந்துதான் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில், எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.